நாலாவது கை

முதல் அடி வெடியின் தோளில் விழுந்தது. இரண்டாவது விலாவில். மூன்றாவது எங்கே விழுந்தது என்று கவனிக்க அவனுக்கு நேரமில்லை. தடை ஓட்டச் சட்டங்களின் அடுக்கோடு சேர்ந்து அவனும் சாமான் அறைத் தரையில் உருண்டுகொண்டிருந்தான்.

"ஐயோ! ஆள் மாறி அடிக்கிறீங்க!" என்று அலறினான். "நான் விளையாட்டு வீரன் இல்ல! மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும்!"

அடிக்கிற ஆளுக்கு நகைச்சுவை பிடிக்கவில்லை. சாம்பல் நிற வேலைக்கோட்டு, காது வரை இழுத்துவிட்ட தொப்பி, கண்ணுக்குக் கீழே துணி முகமூடி. கையில் இரும்புக் குழாய். அது நாலாவது தடவை இறங்கியபோது வெடி பிடித்துவிட்டான். பிடித்தான் என்று சொல்வதுகூடப் பெருமைதான். அது அவன் உள்ளங்கையில் வந்து இறங்கியது, அவ்வளவே. வலி முழங்கை வரை சுரீரென்று ஏறியது. ஆனாலும் விடாமல் இழுத்தான். அந்த ஆளின் வலது கை குழாயிலிருந்து நழுவியது.

அப்பாடா என்று நினைப்பதற்குள் இடது கை வந்து குழாயின் மறுமுனையைப் பற்றி, ஒரே முறுக்கில் பிடுங்கிக்கொண்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை தானாகப் போய் எடுத்த மாதிரி இருந்தது. அடுத்த நொடி அடிவயிற்றில் ஓர் உதை. வெடி மடித்து வைத்த துணி போல இரண்டாக மடிந்தான்.

கண்ணில் நீர் முட்ட நிமிர்ந்து பார்த்தபோது அந்த ஆள் நடைக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டமா அது! குதிகால் தரையில் படவேயில்லை. குழாயின் அடி நுனியைப் பிடித்திருந்த கை, முன்னும் பின்னும் சீராகப் போய் வந்தது. முப்பது அடி ஓடி வளைவில் திரும்பி மறைந்துவிட்டது. மறையும்போது கோட்டு காற்றில் விலகி உடல்வாகு தெரிந்தது. பெண்.

வெடி என்பது அவனுக்கு அவன் அக்கா வைத்த பெயர். வாயைத் திறந்தால் சரமாக வெடிப்பான் என்பதால். அந்த அக்காவைக் கட்டிக்கொண்டு பத்து வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர்தான் துப்பறிவாளர் கண்ணாடி. அவருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதை அவர் மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும் தடித்த கண்ணாடியைப் பார்த்த யாரும் கேட்கமாட்டார்கள். சொந்த மண்ணில் நடக்கும் சர்வதேச விளையாட்டுப் போட்டி என்பதால், நாட்டு அணியின் பாதுகாப்புக்கென்று அத்தானும் மைத்துனனும் வீரர்கள் குடியிருப்பில் வந்து இறங்கியிருந்தார்கள்.

பாதுகாக்க அங்கே என்ன இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். பதினோரு நாளாகியும் நம்மவர்கள் கழுத்தில் ஒரு வெண்கலத் துண்டு ஏறவில்லை. நீச்சல்காரர்கள் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம். குத்துச்சண்டைக்காரர்கள் மூன்று பேரும் முதல் சுற்றிலேயே படுத்துவிட்டார்கள். ஈட்டி எறிந்தவர் மூன்று தடவையும் ஈட்டியோடு சேர்ந்து தானும் கோட்டைத் தாண்டினார். ஊர் பேப்பர்கள் காறித் துப்பிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: பெண்கள் நாலு பேர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடும் ரிலே. இறுதிப் போட்டி இன்று மாலை ஆறு மணிக்கு.

அந்த நாலு பேரில் கடைசியாக ஓடுகிறவள் நெட்டை. இன்று காலை ஆறரை மணிக்குப் பயிற்சிக்கு வந்தவளை இதே சாமான் அறைக்குள் யாரோ இழுத்துத் தலையில் சாக்கைக் கவிழ்த்தார்கள். தரையில் குப்புறத் தள்ளி, இடது கையை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, விரல்களை இரும்புக் குழாயால் நசுக்கினார்கள். ஒன்று விட்டு ஒன்று அல்ல, வரிசையாக நாலு விரல். இப்போது அவள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தில் கிடக்கிறாள்.

ஒரு மணி நேரத்தில் குற்றவாளியும் கிடைத்துவிட்டாள்! மாற்று ஓட்டக்காரி குட்டி. நெட்டைக்கு ஏதாவது ஆனால் இறங்கி ஓடவேண்டியவள். அவளுடைய அழுக்குத்துணிப் பைக்குள் ரத்தத்தில் ஊறிய துண்டு இருந்தது. பிடித்துப் பூட்டிவிட்டார்கள். நெட்டை ஆஸ்பத்திரியில், குட்டி காவலில். மிச்சம் மூன்று பேர். ஓடுகிறவர்களின் பட்டியலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். மூன்று பேரை வைத்துக்கொண்டு ரிலே ஓட முடியாது.

அதற்குள் உண்மையான ஆளைப் பிடிக்க வேண்டும் என்றுதான் வெடி சாமான் அறையைக் குடைய வந்தான். மெத்தை அடுக்குக்குப் பின்னால் ஒளித்திருந்த குழாயை எடுக்க அவளும் வந்தாள். அப்போது மணி பன்னிரண்டு.

பாதுகாப்பு அலுவலக அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் குட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு கன்னம் வீங்கிக் கண்ணையே மூடியிருந்தது. அந்தப் பக்கம் பாதுகாப்பு அதிகாரி, முகத்தில் பாதியை மீசைக்குக் கொடுத்திருந்தவர். சுவர் ஓரமாகக் கோச்சக்கா நின்றாள். முப்பத்தைந்து வயது, கழுத்தில் விசில், உட்காரவே தெரியாத உடம்பு. கண்ணாடி எதையும் கவனிக்காதவர் போலத் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விலாவைப் பிடித்துக்கொண்டு வெடி உள்ளே வந்தான்.

"என்ன மாப்பிள்ள, யாரு மேல விழுந்த?"

"இரும்புக் குழாய் மேல அத்தான். அது நாலு தடவை என் மேல விழுந்துச்சு. அக்கா கேட்டா மாடிப்படியில வழுக்கிட்டேன்னு சொல்லுங்க." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

கோச்சக்கா மேசையைத் தட்டினாள். "கேட்டீங்களா சார்? குட்டி இங்க உங்க காவல்ல இருக்கும்போதே வேற ஒருத்தி அங்க அடிச்சிருக்கா! விடுங்க இவளை!"

மீசைக்காரர் அசையவில்லை. "ரெண்டாள் வேலை. திட்டம் இவளோடது, கை இன்னொருத்தியோடது. துண்டு இவ பையிலதானே இருந்துச்சு?"

"சத்தியமா எனக்குத் தெரியாது சார்," என்று குட்டி விம்மினாள். "நெட்டையக்கா ஓடணும்னு தினமும் அவங்க காலை நான்தான் பிடிச்சு விடுவேன்."

"கன்னத்துல யாரு கைவச்சது?" என்று வெடி கேட்டான். மீசைக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டார். அவனுக்கு விலாவை விட அது அதிகமாக வலித்தது.

கண்ணாடி பையைக் கையில் எடுத்தார். வலைத்துணியில் தைத்த பை, ஓரத்தில் குட்டியின் அறை எண். வாய்ப்பக்கம் இழுத்துக் கட்டும் கயிறு தளர்ந்து தொங்கியது.

"இதை எப்படிப் பிரிச்சீங்க சார்?"

"கத்தரியால வெட்டி."

"கயிறு முழுசா இருக்கே. எதை வெட்டினீங்க?"

கண்ணாடி குனிந்து குப்பைக் கூடையைத் துழாவி, வெள்ளை பிளாஸ்டிக் பட்டை ஒன்றை எடுத்தார். ஒருமுறை இழுத்து மாட்டினால் வெட்டித்தான் எடுக்க முடியும்.

"குட்டி, துணி போடும்போது பையை எப்படி மூடுவம்மா?"

"கயிறை இழுத்து முடிச்சுப் போடுவேன் சார். எல்லாரும் அப்படித்தான்."

"இந்தப் பட்டை?"

"அது துவைச்சுத் திரும்பி வரும்போது இருக்கும். சலவைக்கூடத்துல போட்டு அனுப்புவாங்க, துணி காணாமப் போகக்கூடாதுன்னு."

கண்ணாடி பட்டையை மேசையில் வைத்தார். "அழுக்குப் பை, உள்ள ரத்தத்துண்டு. ஆனா மூடினது துவைச்ச பையை மூடுற மாதிரி. வச்சவ அவசரத்துல வச்சிருக்கா. ஆனா ஒரு நாளைக்கு முன்னூறு பை மூடுற கை. பட்டை போடாம ஒரு பையை விட்டுட்டு நகர அந்தக் கைக்குத் தெரியல. நீங்க தேடுற ஆள் சலவைக்கூடத்துல இருக்கா சார்."

"அங்க பதினோரு பொம்பளைங்க. எல்லாத்தையும் இழுத்துட்டு வந்து நாலு தட்டு தட்டினா..."

"தட்டினதோட லட்சணத்தைத்தான் இந்தக் கன்னத்துல பார்க்கிறோமே. நாலரை வரைக்கும் எனக்குக் குடுங்க."

"ஆளைக் காட்டுங்க, இவளை விடறேன். காட்டலேன்னா அஞ்சு மணிக்கு இவளை போலீஸ்ல ஒப்படைப்பேன்."

பயிற்சி மைதானத்தின் ஓரமாகக் கண்ணாடியும் வெடியும் கோச்சக்காவும் நடந்தார்கள். உள்ளே மூன்று பெண்கள் பேசாமல் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். நாலாவது ஆள் நிற்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது.

"கோச்சம்மா, ஒரு ஓட்டக்காரியை முடக்கணும்னா நீங்க எதை உடைப்பீங்க?" என்றார் கண்ணாடி.

"என்ன கேள்வி சார் இது? காலை."

"நானும் காலை. மாப்பிள்ளையும் காலைத்தான். உலகத்துல எவனா இருந்தாலும் காலைத்தான் அடிப்பான். நெட்டை குப்புறக் கிடக்கா, தலையில சாக்கு, அடிக்கிறவ கையில குழாய். கால் ரெண்டும் பக்கத்துலயே கிடக்கு. அதை விட்டுட்டு இடது கை விரலை எண்ணி எண்ணி நசுக்கியிருக்கா. இடது கையில என்ன இருக்கு?"

கோச்சக்கா நின்றுவிட்டாள். "கட்டை. கைக்குக் கை மாறுதே, அந்தக் கட்டையை அவ இடது கையிலதான் வாங்குவா. முதல் ஆள் வலது, ரெண்டாவது இடது, மூணாவது வலது, நாலாவது இடது. எந்த நாட்டு ரிலேயிலயும் பெரும்பாலும் இப்படித்தான்."

"அவளுக்குக் கோபம் நெட்டை மேல இல்ல. நாலாவது ஆளோட கை மேல. மாப்பிள்ள, உன்னை அடிச்சவ குழாயை எப்படிப் பிடிச்சான்னு சொன்ன?"

"இடது கையால, பார்க்காமலே. ஓடும்போது அடி நுனியில பிடிச்சிருந்தா. மேல் பாதி சும்மா இருந்துச்சு, அடுத்தவங்க வாங்கிக்கிற மாதிரி." சொல்லும்போதே வெடிக்குக் கண் விரிந்தது. "அத்தான்! நான் அடி வாங்கினது ஒரு ரிலே ஓட்டக்காரிகிட்ட! கௌரவமான அடிதான்!"

கண்ணாடி கோச்சக்காவையே பார்த்தார். "உங்க கட்டை எப்பவாவது கீழ விழுந்திருக்கா?"

அவள் விசிலைக் கையில் இறுக்கிக்கொண்டாள். "எட்டு வருஷம் ஆச்சு. வெளிநாட்டுல, இறுதிப் போட்டி. அப்ப நான் மூணாவதா ஓடினேன். நாங்கதான் முன்னால இருந்தோம். நாலாவது ஆள் தவறவிட்டுட்டா. அவ கைதான் தவறவிட்டுச்சு."

பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி அந்த வாக்கியம் வெளியே வந்ததை வெடி கவனித்தான்.

"அப்புறம்?"

"ஊருக்கு வந்தோம். அவ வீட்டுல கல்லடி. கூட்டம் புகுந்து அடிச்சுதுன்னு கேள்விப்பட்டேன். அதுக்கப்புறம் நான் அவளைப் பார்க்கல. அதனாலதான் சார் சொல்றேன், இந்தப் பொண்ணுங்க இன்னிக்கு ஓடணும். வெறுங்கையோட போனா இதுங்க வீட்டுலயும் கல் விழும்."

"பார்த்தா அடையாளம் சொல்லுவீங்களா?"

"முகத்துல கல் பட்டுத் தாடை கோணிப்போச்சுன்னாங்க. பதினோரு பேரும் கண்ணு வரைக்கும் மூடியிருக்காங்க. முகமூடியை எடுக்கச் சொன்னா?"

"எடுத்து மூஞ்சியைக் காட்டுவா. 'ஆமா, ஒரு காலத்துல ஓடினேன், இப்ப துணி துவைக்கிறேன், அது குத்தமா?'ன்னு கேப்பா. மணி அஞ்சாயிடும். முகம் வேண்டாம், எனக்குக் கை போதும்." கண்ணாடி குரலைத் தாழ்த்தினார். "கட்டையைக் குடுக்க ஓடி வர்றவ என்ன சொல்லிக் கூப்பிடுவா?"

"கிளி."

வெடி சிரித்துவிட்டான். "கிளியா? கூண்டுக்கு வெளியில கையை நீட்டச் சொல்றீங்களா?"

"எட்டு தடத்துலயும் ஒரே நேரத்துல எல்லாரும் கத்துவாங்கப்பா. எல்லாரும் கை, கைன்னு கத்தினா எது நம்ம சத்தம்னு எப்படித் தெரியும்? அதான் ஒவ்வொரு அணியும் தனக்குன்னு ஒரு வார்த்தை வச்சிருக்கும். அது காதுல விழுந்ததும் திரும்பக்கூடாது, யோசிக்கக்கூடாது. கை தானா பின்னால போகணும். ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை பழக்குவோம்."

"எட்டு வருஷத்துக்கு முன்னாடியும் இதே வார்த்தையா?"

"இதேதான். நாங்க நாலு பேரும் சேர்ந்து வச்சது."

"அப்ப வாங்க. நீங்க இன்னொரு தடவை ஓடணும்."

சலவைக்கூடம் வீரர்கள் குடியிருப்பின் பின்கோடியில் இருந்தது. ஆள் உயரத் துவைப்பு இயந்திரங்கள் இரைந்துகொண்டிருக்க, நீராவியில் பக்கத்தில் நிற்பவர் முகம்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. நாலேகாலுக்கு முறை மாறும் மணி அடித்தது. பதினோரு பெண்களும் வெறுங்கையோடு வரிசையாக நீண்ட நடைக்கூடத்தில் இறங்கினார்கள். கோடியில் நேர அட்டை குத்தும் இயந்திரம். அதன் பக்கத்தில் கண்ணாடி, அட்டை எண்களைச் சரிபார்க்கும் ஆள் மாதிரி நின்றார். நடுவில் தேய்ப்பு மேசைக்குப் பக்கத்தில் வெடி. பின்கோடிக் கதவுக்குப் பின்னால் கோச்சக்கா, கையில் பயிற்சிக் கட்டையோடு. "கத்தினாப் போதும், கிட்ட போகாதீங்க" என்று கண்ணாடி அவளிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

வரிசை வெடியைத் தாண்டியது. யாரிடம் உதை வாங்கினோம் என்று கண்டுபிடித்துவிடலாம் என ஒவ்வொரு கண்ணாக உற்றுப் பார்த்தான். நாலாவதாக வந்தவள், "என்னடா முறைக்கிற?" என்று ஒரு அறை விட்டாள். அவள் இல்லை என்று அடியின் கனத்திலிருந்தே தெரிந்துவிட்டது.

அப்போது பின்னால் கதவு திறந்தது. தடதடவென்று காலடிச் சத்தம். இயந்திர இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல்:

"கிளி!"

பத்துப் பெண்கள் பதறிப்போய்த் திரும்பினார்கள். ஒருத்தி திரும்பவில்லை.

ஏழாவதாகப் போய்க்கொண்டிருந்தவள். அவள் தலை நேராக முன்னால் பார்த்தபடியே இருந்தது. இடது கை மட்டும் பின்னால் போனது. முழங்கை விறைத்து, உள்ளங்கை மேல் நோக்கி விரிந்து, கட்டை விரல் விலகி, தயாராக நின்றது. எட்டு வருஷம் அவள் மறைத்து வைத்திருந்ததையெல்லாம் அந்தக் கை ஒரே நொடியில் போட்டு உடைத்துவிட்டது.

ஓடி வந்தவளும் நிற்கவில்லை. கிட்ட போகக்கூடாது என்பதெல்லாம் அவள் உடம்புக்கு எட்டவில்லை. நீட்டிய கையைக் கண்டதும் அவளுடைய வலது கையும் தானாக இறங்கியது. கட்டை அந்த உள்ளங்கையில் சொத்தென்று உட்கார்ந்தது. விரல்கள் மூடிக்கொண்டன.

சலவைக்காரி தன் கையைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள். பின்னால் நிற்பது யார் என்று பார்த்தாள்.

அடுத்த நொடி கட்டை கோச்சக்காவின் தாடையில் இறங்கியது. பல் உடைந்த சத்தம் வெடிக்குக் கேட்டது. ரத்தம் விசில் மேல் வழிந்தது. இரண்டாவது அடி நெற்றிப்பொட்டில். கோச்சக்கா சுவரில் சாய்ந்து சரிந்தாள். பெண்கள் அலறிக்கொண்டு சிதறினார்கள். வெடி பாய்ந்து பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்தான். அவள் முழங்கையால் அவன் ஏற்கெனவே அடிபட்ட விலாவிலேயே இடித்து, அவனைத் தூக்கித் தேய்ப்பு மேசை மேல் எறிந்தாள். சூடான தேய்ப்புப் பெட்டி அவன் முன்கையில் பட்டுப் பொசுங்கியது.

"அத்தான்! மாடிப்படிக் கதை இனிமே எடுபடாது!" என்று அலறியபடி உருண்டு விழுந்தான்.

மூன்றாவது அடிக்குக் கட்டை உயர்ந்தது. கோச்சக்கா தடுக்கக் கையைத் தூக்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு, "நான் கூப்பிடல," என்றாள்.

கட்டை அப்படியே நின்றது.

"அன்னிக்கு நான் கூப்பிடல. எனக்கு மூச்சே இல்ல, வார்த்தை வரல. கூப்பிடாமலே கட்டையை நீட்டினேன். உன் கை அங்க இல்ல. உன் முழங்கையில பட்டுக் கீழ விழுந்துச்சு. பேப்பர்காரங்க மைக்கை நீட்டினப்ப பயத்துல உன் கைதான்னு சொல்லிட்டேன்."

முகமூடி எப்போதோ அவிழ்ந்திருந்தது. கோணிய தாடை, காது வரை ஓடிய தழும்பு.

"எனக்குத் தெரியாதாடி? என் காது எனக்குத் தெரியாதா?" என்றாள் சலவைக்காரி. "நீ சொல்லுவ, நீ சொல்லுவன்னு பார்த்துட்டே இருந்தேன். வீட்டு வாசல்ல கூட்டம் நிக்குது, அப்பவும் பார்த்தேன். எங்கப்பா குறுக்க நின்னாரு. அவர் மண்டையில கல்லைப் போட்டாங்க. மூணாம் நாள் போயிட்டாரு. இப்ப வந்து கூப்பிடறியே, இதை அன்னிக்குக் கூப்பிட்டிருந்தா அவர் இருந்திருப்பாருடி!"

கட்டை அவள் கையிலேயே இருந்தது. இரண்டு காவலர்கள் வந்து பிடித்தபோதும் அவள் அதை விடவில்லை.

கண்ணாடி கிட்டே வந்தார். "நெட்டை உனக்கு என்னம்மா செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல." தலை குனிந்தது. "நாலாவது கை இல்லேன்னா இவ கட்டை மறுபடி விழும். இவ வீட்டு வாசல்ல கூட்டம் நிக்கும். அது ஒண்ணுதான் மண்டையில இருந்துச்சு. மாத்து ஆளும் ஓடக்கூடாதுன்னு துண்டை அந்தப் பையில வச்சேன். சாக்குக்குள்ளேர்ந்து அந்தப் பொண்ணு 'அக்கா, அக்கா'ன்னு கத்தினா. கத்தக் கத்த அடிச்சேன்."

"ஒரே ஒரு கேள்வி. காலை ஏன் விட்ட? காலை உடைச்சிருந்தா உன்னைத் தேடி இந்த ஜென்மத்துல நான் வந்திருக்க மாட்டேன்."

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. "ஓடுறவ காலை யாராவது அடிப்பாங்களா சார்?"

நாலு ஐம்பத்திரண்டுக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. நாலாவது பெயர் குட்டியுடையது. மீசைக்காரர் தன் கையாலேயே கதவைத் திறந்து அவளை விட்டார். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. வெடி அவர் காதில் படும்படி, "மீசைக்கு அடியில வாய் இருக்கான்னே சந்தேகமா இருக்கு அத்தான்," என்றான்.

ஆறு மணிக்கு அவன் காவலறையில் இருந்தான். போலீஸ் வண்டி வரும்வரை சலவைக்காரிக்குக் காவல் இருக்கும் வேலை. கண்ணாடி வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார். கோச்சக்கா தையல் போட்ட நெற்றியோடு, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்து மைதானத்தில் நின்றாள். சலவைக்காரியின் இடது மணிக்கட்டு நாற்காலிக் கைப்பிடியோடு விலங்கிடப்பட்டிருந்தது. மேசை மேலிருந்த சின்னத் தொலைக்காட்சியை யாரோ போட்டுவிட்டார்கள்.

துப்பாக்கி வெடித்தது. முதல் இரண்டு பேரும் ஓடி முடித்தபோது நம்மவர்கள் ஐந்தாவது. மூன்றாவது பெண் வளைவில் பறந்தாள். ஒருத்தியைப் பிடித்தாள், இன்னொருத்தியைத் தாண்டினாள். முன்னால் குட்டி, ஒரு கன்னம் வீங்கி, ஓட ஆரம்பித்துவிட்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தின் இரைச்சலில் எதுவும் கேட்காது. ஆனால் மூன்றாவது பெண்ணின் வாய் அகலத் திறந்ததைத் திரையில் நன்றாகப் பார்க்க முடிந்தது.

விலங்கு நறுக்கென்று இழுபட்டது. வெடி திடுக்கிட்டுத் திரும்பினான். சலவைக்காரியின் கண் திரையில். இடது கை பின்னால் போகப் பார்த்து, சங்கிலி இழுத்துப் பிடித்ததில் மணிக்கட்டுத் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. உள்ளங்கை மட்டும் விரிந்திருந்தது.

குட்டி மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினாள். வெண்கலம். கூரை பிய்ந்துபோகிற மாதிரி வெளியே ஒரே கூச்சல். நடைக்கூடத்தில் காவலர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். வெடிக்கும் குதிக்க ஆசைதான், விலா விடவில்லை.

"விழல," என்றாள் அவள், யாரிடமோ. "கூப்பிட்டா. அதான் விழல."

வெடி தன் கைக்குட்டையை எடுத்து அவள் மணிக்கட்டில் சுற்றினான். மதியத்திலிருந்து தன்னை இரண்டு தடவை அடித்துப் போட்டவள் என்பது நினைவுக்கு வந்தது. ஆனாலும் முடிச்சுப் போட்டான். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தான்.

"தம்பி," என்றாள் அவள். "அந்தப் பொண்ணு கை கூடிடுமா?"

பொய் சொல்ல அவனுக்கு நன்றாகவே வரும். அவள் முகத்தைப் பார்த்தபின் வரவில்லை.

"ரெண்டு விரல் கூடாதாம்க்கா. டாக்டர் சொல்லிட்டாரு."

அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.